ஓடுகிறவருக்கு என்ன தெரியும்?

கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர். நெடுந்தூரம் ஓடுகிறவர். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டார்: "டியாகோ கார்சியாவுல அமெரிக்கச் சிப்பாய்ங்க பந்தயம் வெச்சு ஓடுறாங்கண்ணே. அந்தத் தளத்தப்பத்தி நீங்க ஆயிரம் சொல்லுங்க. ஓடுறதுல என்ன தப்பு இருக்கு? ஓடுற நேரத்துல அவன் குண்டா போடுறான்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஓட்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்க அப்பா ஊர்த்தெருவுக்குள்ள சைக்கிள உருட்டிக்கிட்டுத்தான் போவாரு. ஏறி மிதிச்சா அடி விழும். அந்தத் தெருவில் ஒரு பறப்பையன் ஓடினான் என்றால் ஒன்று அவனைத் துரத்துகிறார்கள், இல்லை அவன் எதையோ திருடிவிட்டான் என்று அர்த்தம். அதனால் ஒருவர் ஒரு சாலையில் தன்பாட்டுக்கு ஓடுகிறார் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இந்தச் சாலை எப்படி இவருக்கு இவ்வளவு காலியாகக் கிடைத்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

டியாகோ கார்சியா குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 1800 கிலோமீட்டரில் இருக்கிறது. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது. நடுவில் காயல், சுற்றிலும் ஒடுங்கலான நிலம். மேலிருந்து பார்த்தால் பாதம் பதிந்ததுபோல இருக்கும். அதை வைத்துத்தான் 'சுதந்திரத்தின் காலடி' என்று தளத்துக்காரர்கள் அதற்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். (பேஷ்வா ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர்கள் தங்கள் காலடியைத் தாங்களே அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்டிப்போக வேண்டியிருந்ததை 1936இல் அம்பேத்கர் எழுதினார். காலடிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல.)

அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோட்டம் போட மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு கூலி ஒப்பந்தத்தில் தென்னிந்தியர்களும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாரும் கலந்து, கிரியோல் பேசி, கொப்பரை உலர்த்தி, நாய் வளர்த்து, பிணம் புதைத்து ஐந்தாறு தலைமுறை கழிந்தது. 1965இல் பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரிஷியசிடமிருந்து பிய்த்தெடுத்தது. 1966இல் அமெரிக்காவுக்குத் தளம் அமைக்கக் கொடுத்தது. அதற்குப் பதிலாக பொலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி. அந்த ஆண்டின் அரசாங்கக் குறிப்புகளில் இந்த மக்கள் டார்சான்கள், ஃப்ரைடேக்கள் என்று கேலி செய்யப்பட்டிருக்கிறார்கள். நிரந்தரக் குடிகள் என்று யாருமே இல்லை, இருப்பவர்கள் ஒப்பந்தக் கூலிகள்தான் என்று உலகத்துக்குச் சொல்வதென முடிவானது. காகிதத்தில் முதலில் தீவு காலியானது. 1968க்கும் 1973க்கும் இடையில் நிஜத்திலும் 1500 முதல் 2000 பேர் வரை வெளியேற்றப்பட்டார்கள். 1971இல் டியாகோ கார்சியாவின் நாய்களைப் பிடித்துக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்துப் புகையடித்துக் கொன்றார்கள். கப்பலில் குதிரைகளுக்கு மேல்தளம், எங்களுக்குக் கீழே பறவை எச்ச உரத்தின் மேல் படுக்கை என்று போனவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்த பிறகு பிறந்த ஒரு சிப்பாய் இன்று அங்கே ஓடுகிறார். அவர் யாரையும் விரட்டவில்லை, எந்த நாயையும் கொல்லவில்லை. அவர் ஒரு கறுப்பராகவும் இருக்கலாம். அலபாமாவிலோ மிசிசிப்பியிலோ அவருடைய பாட்டன் வெள்ளைக்காரனுக்கு நடைபாதையை விட்டுக் கீழே இறங்கி நின்றிருக்கலாம். அப்படிப்பட்டவருடைய பேரன் கடலோரச் சாலையில் மார்பில் எண்ணைக் குத்திக்கொண்டு ஓடுகிறார் என்றால் அதில் ஒரு விடுதலை இருக்கத்தான் செய்கிறது. அதை நான் இளக்காரம் பண்ண மாட்டேன். அவர்மேல் குற்றம் சாட்டுவது சுலபம். குற்றம் சாட்டிவிட்டு நாம் நல்லவர்களாகிவிடுவது அதைவிடச் சுலபம்.

எனக்கு இப்படித் தோன்றுகிறது. 1968இல் தொடங்கிய அந்த வெளியேற்றம் ஒரு தளத்தை மட்டும் உருவாக்கவில்லை. பின்னால் வருகிறவர்களின் குற்றமின்மையையும் சேர்த்தே உருவாக்கியது. வேலிக்கு வெளியே சேரி இருக்கிற தளத்தில் ஓடுகிறவர் முகங்களைப் பார்த்தாக வேண்டும். இங்கே பார்க்க முகமில்லை. தென்னை, நண்டு, விட்டுப்போன கழுதைகள், கிழக்குக் கரையில் பழைய தோட்டத்தின் இடிபாடுகள். இடிபாடுகளைப் பார்த்தால் வரலாறு என்று தோன்றுமே தவிர, அந்த வீட்டுக்காரர் இன்னும் போர்ட் லூயிசில் தகரக் கொட்டகையில் இருக்கிறார் என்று தோன்றாது. "நான் ஒண்ணும் பண்ணலியே" என்று அந்த ஓட்டக்காரர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்த உண்மையை அவருக்காக வேறு யாரோ விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். விலையைக் கொடுத்தது சாகோஸ்காரர்கள். நம்ம ஊரிலும் சாதியே பார்ப்பதில்லை என்று மனதார நம்புகிறவர்கள் உண்டு. சேரியைக் கண்ணில் படாத தூரத்தில் வைத்துவிட்ட ஊரில் அப்படி நம்புவதற்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை.

தம்பி விடவில்லை. "அப்ப ஓடக் கூடாதுங்கிறீங்களா?" ஓடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குற்றவாளியாக இருப்பது வேறு, கடன்பட்டிருப்பது வேறு. அப்பன் வாங்கின கடனுக்கு மகன் குற்றவாளி ஆவதில்லை. ஆனால் அந்தக் காசில் கட்டின வீட்டில் குடியிருந்துகொண்டு கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது "உங்களை எனக்குத் தெரியாதே" என்று சொன்னால், அந்த நிமிஷத்திலிருந்து அது அவன் செய்த காரியம்தான். சாகோஸ்காரர்கள் வாசலில் வந்து நிற்காமலும் இல்லை. 2000இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2004இல் அரசாணை போட்டு அதை முறித்தார்கள். 2008இல் பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்று கைவிட்டது. 2019இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று கருத்துரைத்தது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரிஷியசும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலும் டியாகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்குப் போகிறது. மற்றத் தீவுகளில் குடியேறலாம், இதில் கூடாது. ஓடுகிற சாலை இருக்கிற தீவில் மட்டும் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் கனடாவுக்குப் புறப்பட்ட ஈழத்தமிழர்களின் படகு ஒன்று நடுக்கடலில் தவித்து இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. குழந்தைகளும் இருந்தார்கள். கால்பந்து மைதானம் அளவுக்கு ஒரு வேலி, உள்ளே கூடாரங்கள், எலிகள். மூன்று வருஷம். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை பிரிட்டனுக்கு அழைத்துப்போனார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் நீதிமன்றம் சொன்னது. அந்த மூன்று வருஷமும் தீவின் சாலை அங்கேதான் இருந்தது. வேலியைத் தாண்டி அதில் கால் வைக்கக் காவலும் அனுமதியும் வேண்டும்.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஊர்க்காரங்க யாராவது திரும்பிப் போய்ப் பாத்தாங்களாண்ணே?" என்றார். 2006இல் நூறு பேர் வரை அழைத்துப் போனார்கள். தேவாலயத்துக்குப் போனார்கள், புதைகுழிகளின்மேல் மண்டியிருந்ததைச் சுத்தம் செய்தார்கள், பூ வைத்தார்கள். ராத்தங்க அனுமதி இல்லை. கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.