சான்றா, சிபாரிசா?

சென்ற ஆண்டு ஒரு மாலையில், வெள்ளிமலையிலிருந்து பேருந்தில் இறங்கி வந்த இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினார். மரவள்ளி பயிரிடும் எளிய குடும்பத்தில் பிறந்தவர். உண்டு உறைவிடப் பள்ளியில் பயின்றவர். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுக்கு 750 பேருக்கு வழங்கும் ஆய்வு உதவித்தொகையைப் பெற்றுத் தாவரவியலில் முனைவரானவர்.

"ஃபாதர், ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடம் காலியாக இருக்கிறது. செயலர் உங்களோடு படித்தவராம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார்.

அந்த 'ஒரு வார்த்தை' அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது கல்வராயன் மலை. அங்கிருந்து ஒருவர் முனைவராவது அருஞ்செயல். ஆனால் பட்டத்துக்குப் பின் பாதை குறுகிவிடுகிறது. தமிழக அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் 4,000 பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது, தேர்வோ தள்ளிப்போயிற்று. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கூறியது. இங்கே பலர் அதில் பாதியையே பெற்று வந்தனர். இந்நிலையில் ஒருவர் சிபாரிசு தேடுவதைக் குற்றமென்று எப்படிச் சொல்வது?

எனினும், அறைக்குள் காணப்படாத மூன்றாமவர் ஒருவர் உண்டு. சங்கராபுரத்திலோ சின்னசேலத்திலோ, எந்தச் சாமியாரையும் அறியாத ஒரு பெண், அதே இடத்துக்கு விண்ணப்பித்திருக்கக் கூடும். நான் சொல்லும் வார்த்தை அவளுடைய தட்டிலிருந்து சோற்றை எடுப்பதாகாதா?

ஆய்வுலகில் நற்சான்று கேட்பது முறையான வழக்கமே. சான்று என்பது நான் அறிந்ததைச் சொல்வது. சிபாரிசு என்பது நான் விரும்புவதை நிறைவேற்றச் சொல்வது. இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. விண்ணப்பித்த அனைவரும் கேட்க அதை உரக்கச் சொல்ல என்னால் இயலுமா? இயலுமாயின் அது சான்று. இல்லையேல், பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளையின் எல்லையில் நிற்கிறேன்.

ஆகவே தொலைபேசியை எடுக்கவில்லை. தாவரவியலில் அவருடைய புலமையை அளக்க நான் யார்? அதை அவருடைய நெறியாளரே எழுதட்டும் என்றேன். விடுமுறைதோறும் மலைப்பிள்ளைகளுக்கு ஊதியமின்றிப் பாடம் நடத்தியதை நான் கண்டிருந்தேன். அதை மட்டும் எழுதி, அவரையே படிக்கச் சொல்லி, கையெழுத்திட்டேன்.

அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு, எவ்வாறு கிடைத்தது என்பதை நான் அறியேன்.

இங்கேதான் மனம் உறுத்துகிறது. தூய்மையாக நின்றது என் மனச்சான்று. அதற்கு விலை கொடுத்தவரோ அவர். பிறர் செலவில் நேர்மையாய் இருப்பது எளிது அன்றோ? சிபாரிசை மறுப்பவன் அத்துடன் கடமை தீர்ந்ததென எண்ணலாகாது. அடுத்த விண்ணப்பத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அவரோடு அமர்ந்து உழைக்க வேண்டும். இப்போது வாரம் ஒருமுறை அவ்வாறே அமர்கிறோம். நம்முள் கல்லூரிகளை நடத்துவோருக்கும் ஒரு கடமை உண்டு. 'ஒரு வார்த்தை' இன்றியே தகுதியுள்ளவர் உள்ளே வரும்படி கதவைத் திறந்து வைப்பதே அது.

அவர் இன்னும் என்னிடம் வருகிறார். அது அவருடைய பெருந்தன்மை.