பரிசோதனை நாளும் மகாவிசுவாசமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எம்பெருமான் திருவடிகளில் சரணம் புகுந்தவனுக்கு அச்சம் வரலாமா? வந்தால், அது மகாவிசுவாசத்தில் நேர்ந்த குறையா? வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று நாங்குநேரிக்குத் திரும்பிய நாள் முதல் காலக்ஷேப கோஷ்டிகளில் இக்கேள்வியைப் பலமுறை செவியுற்றிருக்கிறோம். அதற்கான விடை எமக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை எம் அகத்திலேயே அறிய நேர்ந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எம் தர்மபத்தினிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சையும், அதைத் தொடர்ந்து ஆறு மாத காலம் கீமோதெரபியும் நடந்தன. சிகிச்சை முடிந்தது என்று மருத்துவர் சொன்ன நாளில் தளிகையில் அக்காரவடிசில் சேர்ந்தது. ஆனால் சிகிச்சை முடிந்தாலும் கண்காணிப்பு முடிவதில்லை. இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் திரும்பும். ஆகையால் அக்காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனையும், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் சி.டி. ஸ்கேனும் செய்ய வேண்டும். காலம் செல்லச் செல்ல இடைவெளி நீளும். ஐந்து ஆண்டுகள் கடந்தால் பெரும்பாலோர்க்குக் கவலை வெகுவாகக் குறையும்.

இது மருத்துவக் கணக்கு. மனத்தின் கணக்கு வேறு. பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே உறக்கம் குறைகிறது. சாதாரண வயிற்று வலியும் நோய் திரும்பியதன் அறிகுறியோ என்று தோன்றுகிறது. இந்த அவஸ்தை உலகெங்கும் உள்ளது. தாமே எலும்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர், 2011-இல் டைம் இதழில் இதைப் பற்றி எழுதியபோது ‘ஸ்கேன்ஸைட்டி’ என்ற சொல்லால் இதைக் குறிப்பிட்டார். நோய் போன பின்னும் போகாத இந்த நோய்க்கு ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தோம். மருத்துவரைத் திங்களன்றுதான் பார்க்க முடியும் என்றார்கள். இடையில் மூன்று இரவுகள். இரண்டாம் இரவு, நடுநிசியில் விழித்துப் பார்த்தபோது எம் தர்மபத்தினி கூடத்து ஊஞ்சலில் விளக்கேற்றாமல் அமர்ந்திருந்தாள். அப்போது நாம் சொன்ன வார்த்தையை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம். “பெருமாளைச் சரணமடைந்தவாளுக்கு இவ்வளவு கலக்கம் ஆகாது. விசுவாசம் போதலைன்னுதான் அர்த்தம்” என்றோம்.

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, பெருமாளுக்குப் பூத்தொடுத்துக்கொண்டே சொன்னாள்: “நான் பெருமாளை நம்பாமலா பயப்படறேன்? எனக்கு ஒண்ணு ஆயிடுத்துன்னா நீங்க தனியாத் தளிகை பண்ணிண்டு திண்டாடுவேளேன்னுதான் பயப்படறேன்.”

அதற்கு எம்மிடம் பதில் இல்லை. அறுவை சிகிச்சையின் வலியைப் பொறுத்தவளை எம் வார்த்தை அதைவிட நோகச் செய்திருந்தது. நோயுற்றவருக்கு நோய் ஒரு பாரம். அதன்மேல் ‘நீ நம்பிக்கையில்லாதவள்’ என்ற பாரத்தையும் நாம் ஏற்றினோம். இப்படிச் சொல்வது சரிதானா என்று ஆசாரியர்களின் ஸ்ரீஸூக்திகளைத் திரும்பப் பார்க்கத் தொடங்கினோம். அங்கே கண்டதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெரியாழ்வார் திருக்கதையை நினைப்போம். பாண்டியன் சபையில் பரதத்துவ நிர்ணயம் செய்து கிழியறுத்து, யானைமீது மதுரை வீதியில் எழுந்தருளும்போது, எம்பெருமான் கருடாரூடனாய் வானத்தில் காட்சி கொடுத்தான். ஸர்வரக்ஷகன் அவன், அவனுக்கு ஒரு தீங்கும் வாராது என்பதை அப்போதுதான் வேதங்களால் நிலைநாட்டி வந்தவர் ஆழ்வார். அவரே அவன் அழகைக் கண்டதும், இதற்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். அறிவு இல்லாமையால் வந்த அச்சமா இது? இல்லை என்கிறார்கள் நம் ஆசாரியர்கள். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில், ஞான தசையில் எம்பெருமான் காப்பவனாகவும் நாம் காக்கப்படுபவராகவும் இருக்கும் முறை, பிரேம தசையில் மாறிப்போகும் என்று விளக்கியருளினார். அந்தப் பரிவின் மிகுதியாலேயே அவருக்குப் ‘பெரியாழ்வார்’ என்னும் திருநாமம் உண்டாயிற்று என்று மணவாள மாமுனிகளும் உபதேசரத்தினமாலையில் அருளிச்செய்தார்.

ஆழ்வாருடைய அச்சம் பகவத் விஷயம். எங்களுடைய அச்சம் அழியும் உடலைப் பற்றியது. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் அபசாரமாகும், அவ்வாறு சொல்லவில்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவே: தெளிந்த அறிவும் நடுங்கும் நெஞ்சும் ஒருவரிடத்திலேயே கூடியிருக்க முடியும். அன்பில் பிறந்த அச்சத்தை அவிசுவாசம் என்று பெயரிட நமக்கு அதிகாரம் இல்லை.

இரண்டாவது, எங்கள் திவ்யதேசத்துப் பதிகம். திருவாய்மொழி ஐந்தாம் பத்தில் ஏழாம் திருமொழியில் நம்மாழ்வார் வானமாமலைப் பெருமான் திருவடிகளில் சரணம் புகுகிறார். தம்மிடம் விரதமும் தவமும் இல்லை, நுண்ணிய அறிவும் இல்லை. ஆனாலும் அவனைப் பிரிந்து ஒரு கணமும் தரித்திருக்க முடியவில்லை என்பது அங்கே அவர் செய்யும் விண்ணப்பம். வணிகவியல் படித்து வங்கியில் பணி செய்த எமக்கு இது எளிதில் விளங்கும். கடன் கேட்டு வருபவரிடம் ‘உங்கள் கைம்முதல் எவ்வளவு?’ என்பதே எங்கள் முதற்கேள்வியாக இருக்கும். இங்கே ஆழ்வார் கைம்முதல் ஒன்றுமில்லை என்பதையே விண்ணப்பமாகக் கொடுக்கிறார். அப்படியிருக்க, கலங்காத மனம் என்னும் கைம்முதலோடு வந்தால்தான் பெருமாள் ஏற்பான் என்று எம் தர்மபத்தினியிடம் நாம் நிபந்தனை விதித்தது எந்த நியாயம்? விசுவாசத்தையும் ஒரு ஸாதனமாக்கி, அதில் குறை கண்டோம். அது பெருமாள் கேட்ட கணக்கன்று. நாமாகத் திறந்த கணக்கு.

மூன்றாவது, இன்னும் கடினமான விஷயம். பரிசோதனை முடிவு நன்றாக வந்தால் ‘பெருமாள் கிருபை’ என்கிறோம். நன்றாக வராவிட்டால் என்ன சொல்வோம்? கிருபை இல்லை என்றா? அந்த மூன்று நாட்களில் நாம் ஒரு காரியம் செய்தோம். ஸந்நிதியில் நின்று, பெருமாள் திருமேனியிலிருந்து வலப்பக்கம் பூ விழுந்தால் முடிவு நல்லது என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டோம். பூ விழவில்லை. அன்று மாலை வரை மனம் இருண்டு கிடந்தது. விசுவாசம் போதவில்லை என்று பிறரைச் சொன்ன நாம்தான் பெருமாளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அஞ்சியும் அவனிடம் சொல்லி அழுதவள் அவள். அஞ்சாதவன்போல் நடித்து அவனிடம் பேரம் பேசினவர் நாம்.

ஸ்கேன் என்பது உடலில் அந்நாளில் இருப்பதைக் காட்டும் படம். வங்கிக் கிளைக்குத் தணிக்கை அதிகாரி வருகிறார் என்றால் எல்லோருக்கும் வயிறு கலங்கும். ஆனால் பேரேட்டில் உள்ளதை அவர் படிக்கிறாரே தவிரப் புதிதாக ஒன்றையும் எழுதுவதில்லை. குறை இருந்தால் காலத்தில் தெரிந்து திருத்தலாம் என்பதற்கே தணிக்கை. அதுபோல ஸ்கேனும் சிகிச்சைக்குத் துணை செய்யும் ஒரு தகவல். பெருமாளுடைய திருவுள்ளத்தைப் பற்றிய தீர்ப்பு அதில் அச்சிடப்படுவதில்லை. ஆளவந்தாரின் திருமேனி நோவை ஆசார்ய பிரஸாதமாக ஏற்று அநுபவித்த மாறனேரி நம்பியின் சரித்திரத்தை நாம் குருபரம்பரையில் ஸேவிக்கிறோம். நோய் வந்ததைக் கிருபை நீங்கியதன் அடையாளமாகக் கொண்டால் அந்தச் சரித்திரத்துக்கு என்ன பொருள் சொல்வோம்? சரமசுலோகத்தில் கண்ணன் ‘சோகியாதே’ என்று முடிக்கும்போது, எல்லாப் பாவங்களினின்றும் விடுவிப்பதாக வாக்களித்துவிட்டே அதைச் சொல்கிறான். இந்த உடல் இத்தனை ஆண்டு இருக்கும் என்று அங்கே அவன் சொல்லவில்லை. ஆகையால் எந்த மருத்துவ அறிக்கையாலும் அந்த வாக்கு ரத்தாவதில்லை.

அப்படியானால் நல்ல முடிவு வர வேண்டும் என்று கேட்கலாகாதா? அநந்யப்ரயோஜனராய் இருக்க வேண்டியவர் வேறு பலன் கேட்கலாமா என்ற ஐயம் எழும். எமக்குத் தோன்றியதைச் சொல்கிறோம். பெரியோர் பிழை இருப்பின் திருத்தியருள வேண்டும். பேரம் பேசுவது வேறு, தகப்பனிடம் நொந்ததைச் சொல்வது வேறு. திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான அடுத்த திருமொழியில் ஆழ்வார், துன்பத்தைக் களைந்தாலும் களையாவிட்டாலும் எனக்கு வேறு களைகண் இல்லை என்று விண்ணப்பிக்கிறார். துன்பத்தை அவர் மறைக்கவில்லை. களையாவிட்டால் வேறிடம் போவேன் என்றும் சொல்லவில்லை. அச்சத்தோடு இருப்பவன் பிடித்துக்கொள்ள இதைவிட உறுதியான பிடி எமக்குத் தெரியவில்லை.

அன்பில் பிறந்த அச்சத்தை அழிக்க முயல வேண்டாம். அதற்கு ஒரு கைங்கரியம் கொடுக்கலாம். பெரியாழ்வாரின் அச்சம் பல்லாண்டாயிற்று. உலகியலிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரம் அவருள் அடங்கிக் கிடக்கவில்லை. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. 12 படுக்கைகளோடு தொடங்கிய அங்கே 1955-இல் பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அதையே தம் வாழ்வாகக் கொண்டார். இன்று எத்தனையோ குடும்பங்கள் பரிசோதனைக்குப் பின் நிம்மதியாக வீடு திரும்புவதில் அந்த ஒரு தமக்கையின் கண்ணீருக்கும் பங்கு உண்டு.

எங்களால் அவ்வளவு இயலாது. அகத்தளவில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். முடிவை யார், எந்த நாளில் சொல்வார்கள் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறோம். அறிக்கை கைப்பேசிக்கு வந்தாலும், மருத்துவர் விளக்கும்வரை நாங்களாக அதைப் பிரித்துப் படித்துப் பொருள் தேடுவதில்லை. ஆறிய தழும்பும் படத்தில் மாறுதலாகத் தெரியக்கூடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். காத்திருக்கும் நாட்களில் ஸந்நிதிக்கு மாலை கட்டுகிறோம். இதே சிகிச்சையில் இருக்கும் வேறொரு குடும்பத்தை அழைத்துப் பேசி, அவர்களுக்காகவும் பெருமாளிடம் விண்ணப்பிக்கிறோம். தெய்வநாயகப் பெருமாளுக்குத் திருமஞ்சனமான தைலம் சேரும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து பிரஸாதம் பெற்றுக்கொள்கிறோம். அதனால் மருந்தை ஒரு வேளையும் நிறுத்துவதில்லை. கலக்கம் வாரக்கணக்கில் நீடித்து ஊணும் உறக்கமும் கெட்டால் மனநல மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டாம் என்றும் பாகவதர்களை வேண்டுகிறோம். அந்த வைத்தியனையும் அந்தர்யாமியாய் நின்று நடத்துபவன் அவனே.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒரு வார்த்தையை இனி யாரிடமும் சொல்வதில்லை என்று உறுதி கொண்டோம். அஞ்சி நிற்பவரிடம் விசுவாசத்தின் அளவைக் கேட்பது பாகவத லக்ஷணமன்று. அருகே அமர்ந்து, ‘எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது’ என்று சொன்னால் போதும். அன்று அவளிடம் நாம் சொல்லியிருக்க வேண்டியதும் அதுவே.

இதை எழுதும் இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அடுத்த ஸ்கேன் எடுத்துக்கொண்டு திரும்பினோம். திங்களன்று மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாலையில் இருவரும் ஸந்நிதிக்குச் சென்றோம். எங்கள் திவ்யதேசத்தில் நம்மாழ்வார் ஸ்ரீசடாரியிலேயே எழுந்தருளியிருக்கிறார் என்பதைப் பாகவதர்கள் அறிவர். தம்மிடம் ஒன்றுமில்லை என்று இவ்விடத்தில் சொன்னவர், எங்கள் இருவர் தலையிலும் எழுந்தருளினார். பயம் போகவில்லை. அகம் திரும்பும்போது அவள், “திங்கட்கிழமைக்கும் பூ வாங்கி வெச்சுடணும்” என்றாள். வாங்கி வைத்திருக்கிறோம்.

ஸ்ரீவரமங்கைத் தாயார் ஸமேத தெய்வநாயகன் திருவடிகளே சரணம்.

அடியோங்கள்,
ராமாநுஜ தாஸர்கள்