பிள்ளைகள் சுமந்த வேதம்

இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடியை ஒட்டிய இந்தக் கடற்கரைக்கு வந்தது 1542 அக்டோபரில். அவருக்குத் தமிழ் தெரியாது. இங்குள்ள மீனவர்களான பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கும் அதிகம் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை உட்காரவைத்து மந்திரங்களைத் தமிழாக்கினார். அவற்றை நெட்டுருப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு மணியோடு தெருவில் இறங்கினார். மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடினார்கள்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரித் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. அன்று கற்றதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும். நோயாளிகள் பல வீடுகளிலிருந்து அழைத்தார்கள். எல்லா இடத்துக்கும் போக அவரால் முடியவில்லை. தமக்குப் பதிலாக, மந்திரம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி விசுவாச மந்திரத்தைச் சொல்ல, பெரியவர்கள் கூடவே சொன்னார்கள்.

தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் வேத நூல் கொல்லத்தில் அச்சேறியது 1578-இல். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே இங்கே வேதம் குழந்தைகளின் தொண்டையில் ஏறி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. இளையோர் குழுக்கள் பாட்டும் கூத்துமாக ஊர் ஊராகப் போவதை இந்தக் காலத்து வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இந்தக் கடற்கரையின் மிகப் பழைய வழக்கமாகப் படுகிறது.

*

அதே கடிதத்தில் இன்னொரு பகுதி உண்டு. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

பெரியவர்கள் எங்காவது பழைய சாமியைக் கும்பிட்டால் பிள்ளைகள் வந்து சவேரியாரிடம் சொல்வார்களாம். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். அந்த உருவங்களை உடைத்து, துப்பி, மிதித்தவர்கள் பிள்ளைகள்தான். அவர் இதைச் சந்தோஷத்தோடு எழுதுகிறார்.

எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. பாட்டி கும்பிட்டதைப் பேரன் மிதித்த வீட்டில் அன்று ராத்திரி சோறு எப்படி இறங்கியிருக்கும்? நோயாளியின் தலைமாட்டில் நின்று மந்திரம் சொன்னதும் அதே பிள்ளையாக இருக்கலாம். சிறுவயதில் எதைக் கொடுத்தாலும் முழுமனதோடு சுமப்பார்கள். கூலி கேட்கமாட்டார்கள், பாதியில் இறக்கிவைக்கவும் மாட்டார்கள். அதனால்தான் கொடுத்தனுப்புகிறவர்களை நினைத்துப் பயப்படுகிறேன்.

*

தவக்கால வெள்ளி. ஒரு வேனிலிருந்து இறங்கிய இளைஞர் குழு, கோயில் முற்றத்திலிருந்து கடற்கரைத் தெரு வழியாகச் சிலுவைப்பாதையை நடித்துக்கொண்டே போனது. படைவீரர்களுக்கு அட்டைத் தலைக்கவசம், மைதானத்து விசில், ஒரு கைவண்டியில் ஸ்பீக்கர். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள்.

இயேசுவின் முகம் துடைத்த வெரோணிக்காவாக வந்த பெண்ணுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். துணியை நீட்டியபோது அவள் கை நடுங்கியது. ஏற்கெனவே பல ஊர்களில் நீட்டிய துணிதான். நடுக்கம் மட்டும் பழகிப்போகவில்லை.

முடிந்தபின் குழுவின் பொறுப்பாளரான தம்பியிடம் பேசினேன். இயேசுவாக யார் நடிப்பது என்று அவர்கள் நிலையாக வைத்துக்கொள்வதில்லையாம். இன்று சாட்டை பிடித்தவன் அடுத்த ஊரில் சிலுவை சுமப்பான், சுமந்தவன் சாட்டை பிடிப்பான். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் நின்னு பாத்தாத்தான தெரியும், அண்ணாச்சி" என்றான்.

இதை யாரும் இவர்களுக்கு எழுதிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. இந்த ஏற்பாட்டை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். வசனத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை அடுத்தவனைக் குற்றவாளியாக்கிவிட்டு வந்துவிடும். அடித்த கையும் அடிபட்ட தோளும் தன்னுடையதாகிப்போன பிள்ளைக்கு அது அவ்வளவு எளிதில்லை.

*

அந்தக் குழுவைப் பார்த்தபோது, பிள்ளைகளை மேடையேற்றிய சங்கரதாஸ் சுவாமிகள் நினைவுக்கு வந்தார். அவர் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தமிழ் நாடகத்துக்கு இந்த மண் கொடுத்த கொடை. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது, பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. சிறுவர்களே நடித்த இப்படிப்பட்ட பாலர் கம்பெனிகளில் பிள்ளைகள் வீட்டை விட்டுக் கொட்டகையிலேயே வளர்ந்தார்கள். அந்த வாழ்க்கையின் கடுமையை நான் மறக்கவில்லை.

சுவாமிகள் முருக பக்தர். அவர் எழுதிய நாடகங்களில் வள்ளி திருமணம் இருக்கிறது, பவளக்கொடி இருக்கிறது, ஞானசௌந்தரியும் இருக்கிறது. ஞானசௌந்தரி, மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண், மாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெறும் கதை. கத்தோலிக்கர் வீடுகளில் வாழ்ந்த கதையை ஒரு முருக பக்தர் மேடைக்கு எழுதினார். திருநீறு பூசிய பையன்கள் மரியாளைக் கூப்பிட்டு அழுதிருப்பார்கள், முன்வரிசையில் எல்லா மதத்தாரும் கூட அழுதிருப்பார்கள். 1948-இல் சிட்டாடல் நிறுவனம் அதைப் படமாக எடுத்தபோதும் ஊர் திரண்டு பார்த்தது. நாடகக்காரர் நவாப் ராஜமாணிக்கத்தின் பாலர் குழு 'ஏசுநாதர்' நாடகத்தையே மேடையேற்றியது.

ஞானசௌந்தரியாக நடித்த பையனை யோசித்துப் பார்க்கிறேன். கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பாட வேண்டும், நடக்க வேண்டும், குழந்தைக்காகத் தவிக்க வேண்டும். கைகளை வெளியே எடுக்கும் அந்த ஒரு நொடிக்காக இரவெல்லாம் காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அவன் கை கழுவும்போது ஒரு கணம் நின்று பார்த்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்காக யாருடைய சாமியையும் அவன் மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

*

கடலுக்கு அப்பாலும், இலங்கையின் வடக்கில், பாதிரியாரான மரியசேவியர் அடிகள் 1965-இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தில் ஆரம்பித்த மன்றம் அது. போர் நடந்த ஆண்டுகளிலும் இளைஞர்களை மேடையில் ஏற்றியது, 1990-இல் 'கலைமுகம்' என்ற இதழைத் தொடங்கியது, கடல் கடந்தும் போய் ஆடியது. அடிகள் 2021-இல் காலமானார். குண்டு விழும் ஊரில், கொல்லப்பட்ட ஒருவனின் கதையை இருபது வயதுப் பிள்ளைகள் நடித்திருக்கிறார்கள். அங்கே பார்வையாளர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

*

தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அதன் பிறகு வளர்ந்தவர்களுக்குச் முத்துச் சலாபம் என்பது தாத்தா சொன்ன கதை. திருவிழா நாடகம் அப்படி ஆகிவிடவில்லை. ஆனால் இப்போது பெரும்பாலும் பதிவுசெய்த குரலுக்கு வாயசைக்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தப்பு வந்தாலும் பிள்ளைகள் சொந்தக் குரலில் பேச வேண்டும்.

ஏதாவது ஒரு குழு ஞானசௌந்தரியை மறுபடி எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சுவாமிகளின் நாடகமாகவே, ஆர்மோனியத்தோடு எடுக்க வேண்டும். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 5-இல் முடிகிறது. அதற்குப் பிறகு புன்னைக்காயல், மணப்பாடு என்று தொடங்கி, அவர் பிறந்த காட்டுநாயக்கன்பட்டியிலும் ஓர் இரவு போடலாம். மாற்றாந்தாய் வேஷத்தையும் ஞானசௌந்தரி வேஷத்தையும் ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளச் சொல்லி சிலுவைப்பாதை நடத்திய அந்தத் தம்பியிடம் கேட்கப் போகிறேன்.