வீரமும் வெகுளியும்: திரைப்பட இரசிகரின் தீர்ப்புப் பற்றிச் சில சிந்தனைகள்

கண்டியிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் பேருந்தொன்று கந்தளாயிற் சிறிது நேரம் தரித்து நின்ற ஒரு மாலைப்பொழுதில், வீதியோரத் தேநீர்க்கடையொன்றில் இளைஞர் மூவரின் வாதத்தைச் செவிமடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கைத்தொலைபேசியொன்றைச் சூழ்ந்திருந்து தமிழும் சிங்களமும் கலந்து அவர்கள் நிகழ்த்திய அவ்வாதத்தின் பொருள் இதுதான்: புரூஸ் லீயும் சுப்பர்மானும் பொருதினால் வெல்பவர் யார்?

“வெட்டினாற் காயமில்லை, சுட்டாற் சாவில்லை. சுப்பர்மானுக்கு என்ன வீரம் வேண்டிக்கிடக்கு?” என்றான் ஒருவன். “புரூஸ் லீக்கு அடிக்கத்தான் தெரியும், சுப்பர்மானுக்கு அடிக்காமல் விடவும் தெரியும்” என்றான் மற்றவன். மூன்றாமவன் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தான்.

கற்றோர் இத்தகைய பேச்சை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவர். பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் யானும் அவ்வாறே ஒதுக்கினேன். சண்டைப்படங்களைப் பற்றி வாய் திறப்பதே எமது விமரிசகர் வட்டத்தில் இழுக்காகக் கருதப்பட்டது. (இரவுக்காட்சிக்கு ஒளிந்து சென்றோர் அவ்வட்டத்திலும் இருந்தனர் என்பது வேறு கதை.) ஆயின், அவ்விளைஞர் பேசியன இரண்டும் அறவியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களே. ஆற்றலை எத்தன்மையதாகக் கொண்டவனை வீரன் என்பது? ஒருவன் இன்னொருவனை அடிக்கக் காணும்போது நாம் மகிழ்கின்றோமே, அம்மகிழ்ச்சி அறத்தோடு பொருந்துவதா? இவ்விரண்டனுள் பின்னையதே என்னைப் பெரிதும் உறுத்துவது.

முதல் வினாவைச் சுருக்கமாகவே நோக்குவோம். அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில், எதற்குமே அஞ்சாதவனை வீரனென ஏற்கவில்லை; அத்தகையவன் பித்தனாகவோ உணர்ச்சியற்றவனாகவோ இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அஞ்சத்தக்கதை அஞ்சத்தக்கதென்று அறிந்தும், தக்க காரணத்தின் பொருட்டு நிலைபெயராது நிற்பதே அவர் கண்ட வீரம். முதலாம் இளைஞன் கூறியதும் இதுவே. கிழக்கிலங்கையிற் சீனடி என்றும் சிலம்படி என்றும் வழங்கும் கலைகளைப் பயின்றோரும் அவன் பக்கமே நிற்பர். ஆண்டுக்கணக்காகப் பயின்று உடம்பில் ஏற்றிக்கொண்ட ஆற்றல் ஒருவனுடைய சொந்தம். வேற்றுக் கிரகத்திற் பிறந்தமையால் வாய்த்த ஆற்றலில் அவனுக்கென்ன பெருமை?

ஆனால், மற்றவன் கூறியதையும் எளிதில் தள்ளிவிடல் இயலாது. தன் சினம் பலிக்காத இடத்தில் அடங்கியிருப்பதிற் சிறப்பொன்றுமில்லை, பலிக்கும் இடத்தில் அடக்குவதே அடக்கம் என்னும் கருத்துடனேயே வெகுளாமை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குகின்றார். சுப்பர்மானுக்கோ உலகு முழுவதுமே சினம் பலிக்கும் இடம். ஆதலின் அவனுக்குரிய சோதனை வலிமை பற்றியதன்று. வலிமையைப் பயன்படுத்தாது விடுதல் பற்றியது. 2013இல் வெளிவந்த ‘மான் ஒஃப் ஸ்டீல்’ படத்தில், அப்பாவிக் குடும்பமொன்றைக் காக்கும்பொருட்டு அவன் தன் எதிரியின் கழுத்தை முறித்துக் கொன்றபோது, உலகெங்கும் இரசிகர் இரு பிரிவாகி வாதிட்டனர். கொன்றது சரியா என்பதோடு அவ்வாதம் நிற்கவில்லை. இருவரும் பொருதியபோது இடிந்து வீழ்ந்த கட்டடங்களுள் இருந்தோர் என்னவாயினர் என்றும் பலர் வினவினர். 2016இல் வந்த அடுத்த படத்தின் தொடக்கப் பகுதி அவ்விடிபாடுகளின் நடுவே, கீழே நிற்கும் மனிதரின் கண்வழியாக விரிகின்றது. திரையிலே எவரும் எண்ணிப் பாராத பிணங்களை இரசிகர் எண்ணினர். இதனை நினைவிற் கொள்க.

இனி இரண்டாம் வினா. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் பெருமிதத்தையும் வெகுளியையும் வேறு வேறாக வைத்துள்ளார். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கின்வழிப் பிறப்பது பெருமிதம். வெகுளிக்கு அவர் கூறும் நிலைக்களன்களோ உறுப்பறுத்தல், குடிகேடு சூழ்தல், அலைத்தல், கொலை என்பன. இவ்விரு வரிசைகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பெருமிதத்தின் காரணங்கள் ஒருவன் தன்பாற் கொண்டவை. வெகுளியின் காரணங்கள் பிறரால் அவனுக்கு இழைக்கப்பட்டவை. தற்காப்புக்கலைப் படங்களின் கதைக்கட்டு ஏறக்குறைய முழுவதும் இவ்விரண்டாம் வரிசையினின்றே எடுக்கப்படுகின்றது. ஆசிரியர் கொல்லப்படுவார், குடும்பம் அழிக்கப்படும், நாயகன் அலைக்கப்படுவான். அதன் பின்னர் அவன் கொடுக்கும் ஒவ்வோர் அடியும் நமக்கு நியாயமாகிவிடும். வெகுளியிற் பிறந்த செயலைப் பெருமிதத்திற் பிறந்ததாக நாம் கொண்டாடுகின்றோம். இரசிகனின் மயக்கம் இங்கேதான் தொடங்குகின்றது.

நம்மவர் மரபு இம்மயக்கத்தை அறியாததன்று. படையிழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனை அன்று கொல்லாது திருப்பியனுப்பிய இராமனைக் கம்பர் காட்டினார். கண்டி மலைநாட்டிலே பிறந்து தமிழகத்தை ஆண்ட எம்.ஜி.ஆர். வாட்போரில் எதிரியின் வாள் தவறி வீழ்ந்தால் அதனை அவனிடமே சேர்த்துவிட்டுப் பொருதும் காட்சிகளுக்குக் கொட்டகைகளில் எழுந்த ஆரவாரம், அடிக்கு எழுந்த ஆரவாரத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. அடிக்காது நிற்பதையும் இரசிக்க வல்லவனே நமது இரசிகன்.

என் இளமையில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறவேண்டும். 1982ஆம் ஆண்டளவில், கந்தளாயில் எம் அயல்வீட்டு முற்றத்தில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கும் இரைந்து நடுங்கும் மின்பிறப்பாக்கியும் கொண்டு விடியவிடியப் படங்கள் காட்டினர். சீனித் தொழிற்சாலையில் வேலை பார்த்தோர், வயல் செய்தோர், கடை வைத்திருந்தோர் எனத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பாயில் நெருங்கியமர்ந்து பார்த்தனர். சீனப் படத்துக்கு மொழி தேவையில்லை. அன்றிரவு காட்டப்பட்டவற்றுள் ஒன்று, 1972இல் வெளிவந்த ‘ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி’.

அப்படத்தின் கதையை அறியாதோருக்காகச் சில சொற்கள். அந்நியர் ஆதிக்கம் மிகுந்த ஷங்காய் நகரில், தன் குருவாகிய ஹூவோ யுவான்ஜியா நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதை அறிந்த சென் ஜென் என்னும் மாணவன், யப்பானியப் பயிற்சிக்கூடத்தினர் மீது பழிதீர்க்கப் புறப்படுகின்றான். சீனருக்கும் நாய்களுக்கும் இடமில்லையென எழுதிப் பூங்கா வாயிலில் மாட்டியிருந்த பலகையை அவன் எட்டி உதைத்துத் தூளாக்கும் காட்சி உலகப் புகழ்பெற்றது. அக்காட்சியின்போது எம் முற்றம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. இழிவுபடுத்தப்பட்ட மக்கள் எங்கெல்லாம் இருந்தனரோ அங்கெல்லாம் அக்காட்சிக்கு அவ்வாறே ஆர்ப்பரித்திருப்பர். அம்மகிழ்ச்சியைப் பழிப்பவன் ஒருநாளேனும் ஒரு வாயிலிலிருந்து துரத்தப்பட்டவனாக இருக்கமாட்டான். சுப்பர்மானையும்கூட 1938இல் உலகுக்கு அளித்தோர், அமெரிக்காவிற் குடியேறிய யூதப் பெற்றோரின் மைந்தராகிய சீகல், ஷஸ்டர் என்னும் இரு இளைஞரேயன்றோ?

படம் முடிந்தபின் இளைஞர் முற்றத்திலே உதைத்துப் பழகத் தொடங்கினர். பலகையை உதைத்த காட்சி திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. அப்போது, எங்களாற் பெரியப்பா என அழைக்கப்பட்ட முதியவர் ஒருவர், குளக்கட்டிலே சிற்றூழியராய் வேலை பார்த்தவர், திண்ணையில் இருந்தபடியே கேட்டார்: “அதெல்லாம் சரி தம்பிமாரே, அந்தப் பள்ளிக்கூடத்தில செத்துக் கிடந்த பொடியன்கள் என்ன பாவம் செய்தவங்கள்?”

எவருக்கும் உடனே விளங்கவில்லை. சென் ஜென் எதிரியின் கூடத்திற் பழிதீர்த்துக்கொண்டிருந்த அதே வேளையில், எதிரியின் ஆட்கள் அவனுடைய பள்ளியினுட் புகுந்து அங்கிருந்த மாணவரைக் கொன்றொழிக்கின்றனர். வெற்றியோடு திரும்பியவன் காண்பது தன் தோழரின் உடல்களை. எஞ்சியோரையும் பள்ளியையும் காக்கும்பொருட்டு அவன் தன்னை ஒப்படைக்கச் சம்மதித்து, ஈற்றில் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்கின்றான். பாய்ந்தநிலையிலேயே படம் உறைந்துவிடுகின்றது. இவை யாவும் நாங்கள் கண்ணாற் கண்டவை. கண்டு ஒருமணி நேரம்கூட ஆகவில்லை. எனினும் எங்கள் பேச்சில் அவை இடம்பெறவேயில்லை.

“அது படத்துக்குத் தேவை, பெரியப்பா” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தனர்.

“ஆருக்குத் தேவை?” என்றார் அவர்.

படத்தை ஆக்கியோர் அடியையும் காட்டினர், அடியின் விலையையும் காட்டினர். இரசிகராகிய நாங்கள் அடியை மாத்திரம் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். சண்டைப்படங்கள் இளைஞரைக் கெடுக்கின்றன எனக் கூச்சலிடுவோர் இந்த நுட்பத்தைக் காண்பதில்லை. குற்றத்தின் ஒரு பகுதி பார்வையினுடையது. இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். திரையில் வீழ்ந்து கிடப்போர் நடிகர். படம் முடிந்ததும் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு சோறுண்ணச் செல்வோர். அவர்களுக்காக வருந்துவது பேதைமை அன்றோ? அவ்வாறாயின் பலகை உடைந்ததற்கு மகிழ்வதும் பேதைமையே. அதுவும் நடிப்புப் பலகைதான். மகிழ்ச்சிக்கு மட்டும் படத்தை மெய்யென்று கொண்டு, துயர் வருமிடத்து அதனைப் பொய்யென்று கூறித் தப்பிக்கொள்ளுதல் நேர்மையாகாது.

அம்முற்றத்தில் அன்று ஒரே பாயில் அமர்ந்திருந்தோர் அடுத்த சில ஆண்டுகளுள் பல திசைகளிற் சிதறினர். சிலர் வேறு வேறு சீருடைகளை அணிந்தனர். சிலர் திரும்பவில்லை. அவர்களை அப்படம் அனுப்பிற்று என்று கூறுவேனாயின் அது பொய்யாகும். அவர்கள் சென்றமைக்குக் காரணங்கள் வேறு, அவை திரையில் இருந்தவை அல்ல. ஆயினும், பெரியப்பாவின் வினாவைக் கேட்டுச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்பும் என்னால் மறக்க முடியவில்லை.

கந்தளாய்க்கும் மீயாற்றல் படைத்தோரின் கதை உண்டு. குளக்கோட்ட மன்னன் பூதங்களைக் கொண்டு இக்குளத்தின் கட்டை எழுப்பினான் என்பது கோணேசர் கோயிலைச் சார்ந்த தமிழ் மரபு. பாளி வரலாற்று நூலோ இதனை இரண்டாம் அக்கபோதி மன்னனின் பணியெனக் கூறும். சிறுவராகிய எமக்குப் பூதங்களையே பிடித்திருந்தது. ஒரு பூதம் ஒரு நாளில் எத்தனை கூடை மண் சுமக்கும் என்பது பற்றி நாங்கள் நிகழ்த்திய வாதங்கள், தேநீர்க்கடை வாதத்தினும் சற்றும் தாழ்ந்தவை அல்ல. பெரியப்பாவிடம் ஒருமுறை இதுபற்றிக் கேட்டபோது, “கட்டினது பூதம்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் கசிவு பார்க்கிறது நான்” என்றார்.

1978இல் வெளிவந்த ‘சுப்பர்மான்’ படத்தில் அணைக்கட்டொன்று உடைகின்றது. சுப்பர்மான் பறந்து வந்து பாறைகளை உருட்டி வெள்ளத்தை மறித்துக் கீழேயுள்ள ஊரைக் காக்கின்றான். அதே படத்தில், தான் காக்கத் தவறிய காதலிக்காகப் பூமியைத் திருப்பிச் சுழற்றிக் காலத்தையே பின்னோக்கிச் செலுத்துகின்றான். மாந்தர் வரலாற்றில் தலையிடலாகாது என்ற தந்தையின் தடையை அவன் மீறுவதும் அப்போதே. சிறுவனாக அதனை வியந்து பார்த்தவன் யான். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. அங்கே உதைப்பதற்கு எதிரி எவனும் இருக்கவில்லை. எவரும் பூமியைத் திருப்பிச் சுழற்றவுமில்லை. சேற்றிலிருந்து உடல்களை எடுத்தோரின் கைகளே அங்கிருந்த ஆற்றல். அதன் பின்னர் அப்படத்தை நான் மீண்டும் பார்த்தேன். வெள்ளத்தை மறிக்கும் காட்சியில் என் கண்கள் சுப்பர்மானைவிட்டு, கீழே ஊரிலே நிற்கும் சிறு உருவங்களின் பின்னேயே சென்றன.

விமரிசகர் பலர் திரைப்படத்தை மட்டுமே ஆராய்கின்றனர். படம் முடிந்தபின் நிகழும் பேச்சை ஆராய்வோர் அரியர். திரையின் முன் நாம் அனைவரும் ஓரளவு கட்டுண்டவரே. இசை ஏறும், அடி விழும், கை தட்டும். எழுந்து வெளியே வந்து ஒருவரோடு ஒருவர் வாதிடும்போதே மறந்த பாதியை எவரேனும் எடுத்து முன்வைக்க இடமுண்டாகின்றது. இடிபாடுகளுள் இருந்தோர் எங்கே என வினவிய இரசிகருக்கும் திண்ணையிலிருந்து கேட்ட பெரியப்பாவுக்கும் நான் வேற்றுமை காணேன். அவர்கள் படத்தை வெறுத்தவர்கள் அல்லர். இறுதிவரை விழித்திருந்து பார்த்தவர்கள்.

அன்று தேநீர்க்கடையில் அவ்வினாவை அவ்விளைஞரிடம் நான் கேட்க எண்ணினேன். அதற்குள் நடத்துநர் குரல் கொடுத்துவிட்டார். பேருந்து நகர்ந்தபோது சாளரத்தின் வழியே திரும்பி நோக்கினேன். அதுவரை பேசாதிருந்த மூன்றாமவன் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு ஏதோ கூறத் தொடங்கியிருந்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.