ரஸ்கினும் ஒரு குழாயும்

பழைய கட்டடத்தை அதன் ஆதி நிலைக்கு மீட்பது என்பதே பொய் என்று ரஸ்கின் 1849-இல் 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் வாதிட்டார். பிரான்ஸில் வியொலெ-ல்-துக் இதற்கு நேர் எதிர்: எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமையைக்கூடக் கட்டடத்துக்குத் தருவதே அவருக்கு மீட்பு. இந்தச் சண்டையை சர்ச்சுகள், கோட்டைகள் சம்பந்தப்பட்டதாகவே நான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 1950-களின் சமையலறைகளையும் குளியலறைகளையும் அசல் சாமான்களோடு பழையபடி ஆக்குகிறவர்களைப் பற்றிப் படித்தபோது, ஒரு ஸிங்கின் முன்னால் இருவருமே போதவில்லை என்று பட்டது.

யுத்தத்துக்குப் பின் எழுந்த வீடுகள் அவை. எனாமல் பூசிய எஃகு அலமாரிகள். ரோஜா நிற டைல்ஸ், அதே நிறத்தில் தொட்டியும் வாஷ்பேசினும். 1953-இல் ஐஸன்ஹோவரின் பதவியேற்பு விருந்துக்கு அவர் மனைவி மேமி ரோஜா நிற கவுனில் வந்தார். நிறம் குளியலறைவரை பரவியது. பின்னால் வந்தவர்கள் அசிங்கம் என்று உடைத்தெறிந்தார்கள். இப்போது சிலர் பழைய சாமான் கடைகளில் அதே குழாயை, அதே கைப்பிடியைத் தேடுகிறார்கள். கேலி செய்வது சுலபம். ஆனால் உடைத்தவன் விளம்பரத்துக்குக் கீழ்ப்படிந்தான். தேடுகிறவன் ஒரு பொருளை உற்றுப் பார்க்கவாவது செய்கிறான்.

தொட்டியை எடுத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பின் மேல் கண்ணாடித் தூளை இட்டு, உலையில் ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருகவைத்துப் படியச்செய்தது அதன் எனாமல். வீட்டில் வைத்து இதை மறுபடி செய்யமுடியாது. புதுப்பிப்பதாகச் சொல்லி அடிப்பது ஒரு பிசின் பெயிண்ட். சில வருஷங்களில் உரியும். பார்வைக்கு அசல், தொட்டால் வேறு. ரஸ்கின் சொன்ன பொய் இதுதான். மங்கிப்போன எனாமலை மங்கலாகவே விடுகிறவன் உண்மைக்கு அருகில் இருக்கிறான்.

ஆனால் குழாய்? பாழடைந்த சர்ச்சைப் பாழாகவே விட்டுவைக்கலாம். குழாய் தண்ணீர் தரவேண்டும். அதை ஒருவர் குடிக்கவேண்டும். கடைவதற்குச் சுலபம் என்று பழைய பித்தளையில் ஈயம் சேர்த்தார்கள். 1986-இன் அமெரிக்கச் சட்டம் 8 சதவீதம் ஈயமுள்ள குழாயையும் 'ஈயமற்றது' என்று ஒப்புக்கொண்டது. தண்ணீர் படும் பரப்புக்கு 0.25 சதவீதம் என்ற வரம்பு 2014-இல்தான் அமலுக்கு வந்தது. இரவு முழுதும் உள்ளே தேங்கிய தண்ணீரில் ஈயம் கரைகிறது. அது கெடுப்பது குழந்தைகளின் மூளை வளர்ச்சியை. அந்தக் காலத்துக் கழிப்பறைத் தொட்டிகளோ ஒரு தடவைக்கு 20 லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் கொட்டின. 1992-இன் சட்டம் புதியவற்றுக்கு 6 லிட்டர் என்று விதித்தது. ஆக, அசலுக்கு நான் காட்டும் விசுவாசத்துக்கு விலை கொடுப்பவர் வேறு யாரோ. ரஸ்கினின் வாதத்தில் இந்த வேறொருவர் இல்லை. வியொலெ-ல்-துக்கிடமும் இல்லை.

1964-இன் வெனிஸ் சாசனம் இரண்டு விஷயங்கள் சொல்கிறது: யூகம் தொடங்கும் இடத்தில் மீட்பு நின்றுவிடவேண்டும், புதிதாகச் சேர்த்த பகுதி, முழுமையோடு இசைந்தாலும், புதிது என்று தெரியவேண்டும். நினைவுச் சின்னங்களுக்காக எழுதியது. புழங்கும் பொருளுக்கு மூன்றாவது ஒன்று வேண்டும் என்பது என் அபிப்ராயம்: புழங்குகிறவருக்குத் தீங்கு தொடங்கும் இடத்திலும் மீட்பு நின்றுவிடவேண்டும்.

நடைமுறையில் இது சின்ன காரியம். பழைய குழாய் கை கழுவ இருக்கட்டும். குடிக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு புதுக் குழாய், பழசு மாதிரி வேஷம் போடாமல். சமையலறையின் ஒருமை கெடும். கெடட்டும். அந்தப் பொருத்தமின்மையைச் சகிக்கமுடியாதவன் விரும்புவது பழைய சமையலறையை அல்ல, அதன் புகைப்படத்தை.