ஆட்டமும் கூலியும்

காசிமேட்டிலிருந்து ஒரு மனிதர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்கள் இனம் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கரையில் கட்டிப் போடச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? அந்த 61 நாட்களில் ஒரு நாள். அவருக்கு வேலையும் இல்லை, மடியில் காசும் இல்லை. ஒரு காகிதம் மட்டும் இருந்தது.

"சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். எங்க பையனைக் கூடைப்பந்து ஆடக் கூப்பிடறாங்க. சம்பளம் தராங்களாம். கையெழுத்துப் போடலாமா, வாணாமா, ஒண்ணும் புரியலை" என்றார்.

பையனும் வந்திருந்தான். நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளாமல் குனிந்து உள்ளே வந்து, சுவரோரமாக நின்றுகொண்டான். பத்தொன்பது வயது இருக்கும்.

அப்போது என்னுடன் பேசிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர். வாலிபத்தில் தம் கல்லூரிக்காகப் பந்து ஆடியவர். காகிதத்தை நான் விரிப்பதற்கு முன்பே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "தம்பி, ஆடு. நன்றாக ஆடு. ஆனால் காசுக்கு ஆடாதே. விலை பேசிவிட்டால் அப்புறம் அது விளையாட்டு இல்லை, வேலை."

பையன் தரையைப் பார்த்தான். தகப்பனார்தான் பதில் சொன்னார். "நானும் கடலுக்குப் போறேன், ஐயா. கடல் மேலே எனக்கு ஆசை இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது. அதுக்காகப் பங்கு வாங்காம வீட்டுக்கு வந்துடுவேனா?"

ஆசிரியர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். எனக்கோ அந்தக் கேள்வியை விட்டுவிட மனம் வரவில்லை.

ஆசிரியரின் கட்சி அற்பமானதன்று. மனிதன் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவை வேறு ஏதோ ஒன்றுக்காகச் செய்யப்படுகின்றன. விளையாட்டு ஒன்றுதான் தனக்காகவே செய்யப்படுவது. பந்து கூடைக்குள் விழும் அந்தக் கணத்தில் கடன்காரனும் இல்லை, அரிசி விலையும் இல்லை. அங்கேயும் காசு நுழைந்துவிட்டால் மனிதனுக்கு ஒதுங்க வேறு இடம் எது என்று அவர் கேட்கிறார். நியாயமான பயந்தான்.

இந்தச் சச்சரவு கூடைப்பந்துடனேயே பிறந்தது என்பதுதான் வேடிக்கை. 1891-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளை மேல்மாடத்துக் கைப்பிடியில் மாட்டி, 13 விதிகளை எழுதி வைத்து இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். ஐந்து ஆண்டுகள் ஆவதற்குள் ட்ரென்டன் நகரத்து இளைஞர்கள் சிலர் தங்கள் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வோடு பிணங்கிக்கொண்டு வெளியேறினார்கள். வேறொரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள், டிக்கெட் விற்றார்கள், செலவு போக மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு 15 டாலர். கடைசியில் மிஞ்சிய ஒரு டாலர் தலைவர் ஃப்ரெட் கூப்பருக்குப் போயிற்று என்று ஆட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். தொழில்முறைக் கூடைப்பந்துக் குழுவின் கதை அந்த 1896-ஆம் ஆண்டில்தான் தொடங்குகிறது.

இதைச் சொன்னதும் காசிமேட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "நம்ம படகு கணக்குத்தான் சார்! டீசலுக்கு, ஐஸுக்குப் போனது போக மிச்சத்துலே பங்கு. படகு ஓட்டுற டிரைவருக்குக் கொஞ்சம் கூட."

ட்ரென்டன் பையன்களை எந்த நிறுவனம் ஏற்கவில்லையோ, அதே ஒய்.எம்.சி.ஏ.யின் வழியாகத்தான் இந்த ஆட்டம் நம் சென்னையிலும் வேரூன்றியது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919-இல் இங்கே வந்து, 1920-இல் உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி அதுதான். அங்கிருந்து போன ஆசிரியர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பந்தைக் கொண்டு சேர்த்தார்கள். கூடவே, காசில்லாமல் ஆடுவதே கண்ணியம் என்ற எண்ணமும் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் கண்ணியத்தை நாம் எப்படிக் காப்பாற்றினோம்? பெரம்பூர் ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவற்றின் அணிகளைக் கூடைப்பந்து பார்க்கிறவர்கள் அறிவார்கள். நன்றாக ஆடுகிற பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம் கிடைக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை; எத்தனையோ ஏழை வீட்டில் அது விளக்கேற்றியிருக்கிறது. என் நண்பரும் அந்தப் பையன்களை வாயாரப் புகழுகிறவர்தான். பந்துக்காகக் கிடைத்த காசு உத்தியோகம் என்ற வேஷ்டி கட்டிக்கொண்டு வந்தால் நமக்கு அது மரியாதை. அதே காசு வெறும் மேலோடு வந்து நின்றால் முகம் சுளிக்கிறோம். நடுத்தர வர்க்கத்து நாணயம் சில சமயம் இவ்வளவுதான்!

இன்னொரு கதையும் உண்டு. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் 1923-இல் பாப் டக்ளஸ் என்பவர் கறுப்பர்களே நடத்தி, கறுப்பர்களே ஆடும் ஒரு குழுவை அமைத்தார். 'ரெனசான்ஸ்' என்று பெயர். ஊர் ஊராகப் பஸ்ஸில் போய்க் காசுக்கு ஆடினார்கள். பல ஊர்களில் அவர்களுக்குத் தங்க ஓட்டல் கிடையாது, உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. 1939-இல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில் அவர்கள் வாகை சூடினார்கள். வாங்கிய கூலி அவர்களை எந்த விதத்தில் சிறுமைப்படுத்திற்று? சோறு போட மறுத்தவர்கள் அல்லவா சிறுமைப்பட்டார்கள்?

அப்படியானால் என் நண்பரின் பயம் வீண்தானா? அதுவும் இல்லை. சியாட்டில் நகரத்தில் 1967-இல் தோன்றி, 1979-இல் பட்டம் வென்ற 'சூப்பர்சோனிக்ஸ்' என்ற குழுவை, விலைக்கு வாங்கியவர்கள் 2008-இல் பெயர்த்தெடுத்து ஓக்லஹோமா நகரத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். 41 ஆண்டுகள் அந்தக் குழுவுக்காகத் தொண்டை வறளக் கத்திய ஊருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. நம் ஊரிலும் 2015-இல் ஒரு தொழில்முறைப் போட்டி தொடங்கி, 'சென்னை ஸ்லாம்' என்ற அணி வந்தது. சில பருவங்களுக்குப் பிறகு அந்தப் போட்டியே நின்றுபோயிற்று. 2022-இல் வேறொரு போட்டி வந்தது, வேறு பெயரோடு. பெயர்கள் வரும், போகும். ஆடுகிறவனின் முழங்கால் மட்டும் ஒன்றுதான்.

வடசென்னைக்கு இது புதிய பாடம் அல்ல. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டிக் குத்துச்சண்டை போட்ட மண் இது. பரம்பரையை யாரும் விலைக்கு வாங்க முடியாது, விற்கவும் முடியாது. அது பெரிய காரியந்தான். ஆனால் வெறும் பெயர் முதுமையில் கஞ்சி ஊற்றாது.

ஆகவே, கூலி வாங்கலாமா கூடாதா என்று பையனைக் கேட்பதே தவறு என்று எனக்குப் படுகிறது. கூலி கொடுக்கிறவனைத்தான் கேட்க வேண்டும்: நீ இவனுடைய ஆட்டத்தை மட்டும் வாங்குகிறாயா, இவனுடைய கஷ்டத்திலும் கூட நிற்கிறாயா? படகில் பங்கு என்பது லாபத்தில் மட்டும் உள்ள உரிமையன்று. வலை கிழிந்தாலும் வெறுங்கையோடு திரும்பினாலும் எல்லோருக்கும் அது சேரும். வேலை என்ற சொல்லைக் கேட்டு நண்பர் கூசினார். கூசத் தக்கது வேலையன்று. கைவிடத்தான் கூச வேண்டும்.

அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்து, தமிழில் சொன்னேன். எந்த நேரத்தில் வர வேண்டும், எந்தச் சட்டை அணிய வேண்டும், எப்போது பணம், யாரோடெல்லாம் பேசக் கூடாது என்று எல்லாம் விவரமாக இருந்தது. தகப்பனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆடச்சொல்ல கால் ஒடைஞ்சா இன்னா செய்வாங்கன்னு போட்டுக்கீதா, சார்?"

மறுபடியும் முதலிலிருந்து தேடினேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அதுவரை வாய் திறக்காத பையன் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டான். "நான் போய்க் கேக்கறேம்பா. எழுதிக் குடுத்தா கையெழுத்துப் போடறேன்" என்றான்.

"கேளு. கேக்கறதுலே தப்பில்லே" என்றார் தகப்பனார்.

ஆசிரியர் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தார். அதற்கு அவர் கையைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. "கேட்கும்போது நானும் கூட வரட்டுமா, தம்பி?" என்றார்.