சூதுமனையின் அச்சமும் முதிதையின் அறமும்



எண்வகை மார்க்கத்தின் ஐந்தாம் அங்கம் நல்லாஜீவம், அதாவது நேரிய பிழைப்பு. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைத்தல் உபாசகருக்கு ஆகாதென்று ததாகதர் விலக்கினார். ‘‘இவ்வைந்தில் சூதுமனை சொல்லப்படவில்லையே! ஆட வருபவன் தானே விரும்பி வருகிறான், விதியை அறிந்தே பணத்தை வைக்கிறான், களவில்லை, பொய்யில்லை, அரசும் உரிமம் தருகிறது. அம்மனையை நடத்துவோன் செய்யும் குற்றம் யாது?’’ என்று நம்மவருள் இளைஞர் சிலர் வினவுகின்றனர். இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. பட்டியலில் இல்லாத தொழிலை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது என்பதே இதன் உட்கிடை.

இதற்கு விடை தேடக் கொல்கத்தா நகருக்குச் செல்வோம். அநாகாரிக தர்மபாலரின் மகாபோதி சங்கம் 1920இல் தர்மராஜிக விகாரையை எழுப்பிய அந்நகரம், பலவகைச் சூதுகளையும் கண்ட நகரம். அங்குள்ள பெரிய பஜாரில் முன்னாளில் மழைச் சூது நடந்தது. குறித்த நேரத்துக்குள் கூரைநீர்த் தூம்பில் தண்ணீர் ஒழுகுமளவு மழை பெய்யுமா, பெய்யாதா என்று வானத்தைப் பார்த்துப் பந்தயம் கட்டினர். 1897இல் வங்காளச் சட்டமன்றம் அதனைத் தடுத்தது. அந்நகரத்தின் குதிரைப் பந்தயச் சங்கமோ 1847இல் தோன்றி இன்றும் நிற்கிறது. அங்கே ‘டோட்’ என்னும் முறையில், ஆடுவோர் கட்டிய பணமெல்லாம் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டு, நடத்துவோர் பங்கும் வரியும் போக எஞ்சியது வென்றவர்க்குப் பகிரப்படுகிறது. எவன் வென்றாலும் நடத்துவோர்க்கு நட்டமில்லை. ஆதலின் அவர்க்கு எவன்மீதும் அச்சமுமில்லை.

காசினோ என்னும் மேசைச் சூதுமனை இவ்விரண்டினும் வேறானது. அங்கே மனைக்குரியவனே எதிராளி. ஆடுவோன் பெறும் ஒவ்வொரு ரூபாயும் அவன் பெட்டியிலிருந்தே வெளிவர வேண்டும். மேற்கு வங்கத்தில் 1957ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பொதுச் சூதுமனைகளைத் தடுத்துள்ளது. ஆயினும் காத்மாண்டுவில் 1968இலேயே காசினோ திறக்கப்பட்டது. சிக்கிம் அரசு 2002இல் சட்டமியற்ற, 2009இல் காங்டாக் நகரிலும் ஒன்று தோன்றியது.

இத்தகைய மனை சிறியதாயிருந்து, அங்கே ஒருவன் தொடர்ந்து வெல்லத் தொடங்கினால் நடப்பது யாது? மேலாளர் வந்து அவன் பின்னே நிற்பார். சீட்டுக் கட்டு மாற்றப்படும். சீட்டுப் போடுபவர் முறை முடியுமுன்னே எழுப்பப்பட்டு வேறொருவர் அமர்த்தப்படுவார். கட்டுப்பணத்தின் உச்ச அளவு திடீரெனக் குறையும். ‘இனி ஆட வேண்டாம்’ என்று சொல்லி அனுப்புவதும் உண்டு. அமெரிக்கச் சூதுமனைத் தொழிலாளர் இவ்வழக்கத்தைப் பணத்துக்காக வியர்த்தல் என்று கேலியாகக் கூறுவர்.

இந்த வியர்வைக்குக் காரணம் கணக்கிலேயே உள்ளது. ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள் உள. ஓர் எண்ணில் 1 ரூபாய் வைத்து வென்றவனுக்கு நேர்மையாக 36 ரூபாய் ஆதாயம் கிடைக்க வேண்டும். மனை 35 ரூபாயே தரும். இந்தச் சிறு பிடித்தத்தால் 100 ரூபாய்க்குச் சராசரி 2 ரூபாய் 70 காசு மனைக்குச் சேரும். சிவப்பு, கறுப்பு என்று பார்த்து ஒன்றுக்கு ஒன்று ஆடினும் பிடித்தம் அதுவே. ஒரு ரூபாயாக 10,000 முறை ஆடினால் மனைக்கு ஏறத்தாழ 270 ரூபாய் கிடைக்கும். அதில் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 100, 200 ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் ஒரே ஆள் 10,000 ரூபாயைச் சிவப்பின்மேல் ஒரே முறை வைத்தால், மனைக்கு 10,000 வரும், அல்லது 10,000 போகும், இடைப்பட்டது இல்லை. பெரிய மனைக்கு ஆயிரம் மேசைகளின் சிறுகாசு அரணாய் நிற்கிறது. சிறிய மனைக்கு அவ்வரண் இல்லை. ஓர் இரவின் அதிர்ஷ்டம் ஒரு திங்களின் வருவாயை வாரிக்கொண்டு போய்விடும்.

எனவே அச்சத்துக்குக் காரணமுண்டு. ஆனால் அது தேடும் பரிகாரத்துக்கோ காரணமில்லை. விழுந்த சீட்டுகளை நினைவில் எண்ணி ஆடும் திறனாளியைத் தடுக்கச் சீட்டைக் கலைப்பது உதவலாம். வெறும் அதிர்ஷ்டத்தால் வென்றவன் முன்னே ஆளை மாற்றுவதால் கணக்கில் ஒரு காசும் மாறாது. நாள் பார்ப்பதும் சகுனம் பார்ப்பதும் எத்தகையனவோ அத்தகையதே இதுவும். கணக்கு முழுதும் தன் பக்கம் இருந்தும், அக்கணக்கை அறிந்திருந்தும், மனைக்குரியவன் மூடநம்பிக்கையில் வீழ்கிறான். அவா மிகுந்தவிடத்தில் அறிவு நில்லாது. லோபமும் துவேஷமும் வந்து புகுந்தால் மோகம் பின்தொடரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆலையில் உழைத்த காலத்தில், சம்பள நாளன்று வாயிலில் மூன்று சீட்டு விரிப்போரை நாம் பலமுறை கண்டதுண்டு. வழிப்போக்கன் ஒருவன் தப்பித் தவறி வென்றுவிட்டால் கூட்டாளி ஒருவன் ‘போலீஸ்!’ என்று கூவுவான், துணி சுருட்டப்படும், வென்றவன் கைக்குக் காசு வராது. மின்விளக்கும் கம்பளமும் நீங்கலாகப் பார்த்தால் அவ்விடத்துக்கும் சிறிய காசினோவுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

இஃது இக்காலத்து நோய் மட்டும் அன்று. ஜாதகக் கதைகளுள் 91ஆவதாகிய லித்த ஜாதகம் இதனையே கூறுகிறது. பாராணசியில் கவறாடுவோன் ஒருவன், வெல்லுங்கால் ஆட்டத்தைக் கலைக்க மாட்டான். தோற்குங்கால் கவறொன்றை வாயிலிட்டு மறைத்து, காய் காணாமற் போயிற்றென்று ஆட்டத்தைக் கலைத்துவிடுவான். அவனோடு ஆடிய போதிசத்துவர் இதனை அறிந்து, கவறுகளில் நஞ்சு பூசி உலர்த்தி வைத்தார். வழக்கம்போல் அவன் விழுங்கினான், மயங்கி வீழ்ந்தான். போதிசத்துவர் உடனே மருந்தூட்டி அவனைப் பிழைப்பித்து, இனி இவ்வாறு செய்யாதே என்று அறிவுறுத்தினார். பிறன் வெற்றியைப் பொறாதவன் விழுங்குவது கவறன்று, நஞ்சே என்பது இக்கதையால் நாம் கொள்ளத்தக்க பொருள்.

‘‘சிறிய மனைதான் பதறுகிறது, பெரிய மனை வென்றவனைப் புன்னகையோடு உபசரிக்கிறதே, அது நல்லதன்றோ?’’ எனின், அமெரிக்காவில் 1990இல் நடந்ததை நோக்குக. அகியோ காஷிவாகி என்னும் ஜப்பானியச் செல்வர் அட்லாண்டிக் நகரத்து டிரம்ப் பிளாசா காசினோவில் பிப்ரவரித் திங்களில் ஏறத்தாழ 60 லட்சம் டாலர் வென்றார். மே திங்களில் மீண்டும் வரவழைக்கப்பட்டு, ஏறத்தாழ 1 கோடி டாலர் தோற்றார். ஆகவே பெரிய மனையின் அமைதி, கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும் அமைதி. சிறியது வெளிப்பட அஞ்சுகிறது. பெரியது பொறுமையாய்க் காத்திருக்கிறது. வந்தவன் தோற்க வேண்டும் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொது.

இங்கேதான் நாம் தேடிய உரைகல் கிடைக்கிறது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு பிரம விகாரங்களுள் முதிதையாவது பிறர் நலங்கண்டு மகிழ்தல். நெசவாளி தான் நெய்த துணி உடுப்பவனுக்கு நன்கு உழைத்தால் மகிழ்கிறான். மருத்துவர் நோயாளி எழுந்து நடந்தால் மகிழ்கிறார். தன்னிடம் வந்தவன் நலம்பெற்றால் வருந்தியே தீர வேண்டிய தொழில் எதுவோ, அது ஐந்தின் பட்டியலில் இல்லாவிடினும் நல்லாஜீவம் ஆகாது. சிகாலோவாத சூத்திரத்தில் பகவன் சூதின் ஆறு கேடுகளைக் கூறுங்கால், வெற்றி பகையை ஈனும் என்பதை முதலில் வைத்தார். தோற்ற ஆட்டக்காரனின் பகையையே நாம் நினைத்திருந்தோம். களத்தை அமைத்தவனின் பகையும் அதனுள் அடங்கும்.

நம்மவர்க்கு இச்செய்தி புதியதன்று. சாதி என்பதும் அத்தகைய மேசையே. ‘கற்றால் உயரலாம்’ என்று விதி சொல்லப்படும். கற்று உயர்ந்தவன் வந்து நின்றாலோ விதி மாற்றப்படும். கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற பாபாசாகேப் அம்பேத்கர், தங்கியிருந்த விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். அவர் செய்த குற்றம் யாது? தோற்க வேண்டியவன் என்று குறிக்கப்பட்டவர் வென்று வந்ததே. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் அம்மேசையை விட்டே எழுந்தார். பல லட்சம் மக்கள் உடன் எழுந்தனர்.

ஆனால் எழுந்து வந்த நாம் அம்மேசையை உள்ளத்தில் சுமந்து வந்துவிடலாகாது. நம் தெருவில் ஒருவர் மாடிவீடு கட்டினால், அடுத்த வீட்டுப் பெண் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றால், நம் முகம் வாடுகிறதா, மலர்கிறதா? ‘எப்படிச் சம்பாதித்தானோ’ என்று திண்ணையில் எழும் சொல், வென்றவன் பின்னே வந்து நிற்கும் மேலாளரின் பார்வைதான். சூதுமனைக்கு ஒருநாளும் செல்லாதவரும் தம் நெஞ்சில் ஒரு சிறு சூதுமனையை நடத்தலாம். பௌர்ணமி தோறும் சீலம் ஏற்குங்கால், கடந்த திங்களில் நலம்பெற்ற அயலார் ஒருவரை நினைந்து, ‘இவர் பெற்றது இவரை விட்டு நீங்காதிருப்பதாக’ என்று மனத்தால் எண்ணுவோமாக. நாள்தோறும் பழகினால் அதுவே முதிதைப் பாவனை. அப்பாவனை வளர்ந்த உள்ளத்தில் வென்றவனைக் கண்டு வியர்க்கும் அச்சத்துக்கு இடமில்லை.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்கக் கடவன. பிறர் பெற்ற இன்பத்தில் நாமும் இன்புறக் கடவோம்.